சட்டுனு மேடமும் பதினேழு ஜோடிச் செருப்பும்

“கண்ணை மூடுங்க” என்றார் மேடம். மூடிக்கொண்டேன்.

“உங்க முதுகுக்குப் பின்னாடி எத்தனை ஜன்னல்?”

“இரண்டு.”

“ஒண்ணுகூட இல்லை. அது அலமாரிக் கண்ணாடி. சரி, இந்த ரூம்ல இப்ப எத்தனை பேரு?”

“நம்மைச் சேர்த்து நான்கு.”

“அஞ்சு. மேசைக்கு அடியில ஒருத்தர் பத்து நிமிஷமா பேனா மூடியைத் தேடிட்டு இருக்காரு. கண்ணைத் திறங்க. நீங்க பிழைக்கிறது கஷ்டம்.”

மேசைக்கு அடியிலிருந்து வண்டி ஓட்டுநரின் வழுக்கைத் தலை எழுந்தது. எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு மறுபடியும் மூழ்கியது. இரண்டு நாளாக இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தவன் நான். பார்ப்பதுதான் என் பிழைப்பு என்று பத்திரிகையில் பெயர் வேறு போட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பரீட்சையிலிருந்து தப்பியவர் யாருமில்லை. ஒருமுறை பல் மருத்துவரிடம் வாயைப் பிளந்தபடி படுத்திருந்த மேடம், விரலைக் காட்டிக் காட்டி அவருக்குப் பின்னால் எத்தனை கதவு என்று கேட்டுவிட்டார். மருத்துவர் திரும்பிப் பார்த்தார். “பார்க்காம சொல்லணும்” என்று இவர் எழுந்து உட்கார்ந்ததில் தட்டிலிருந்த கருவிகள் மொத்தமும் தரைக்கு வந்தன. மருத்துவர் இப்போதெல்லாம் இவர் உள்ளே நுழைந்தவுடனேயே, “ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஜன்னல்ல கம்பி இருக்கு, உட்காருங்க” என்று சொல்லிவிடுகிறாராம்.

அவர் தீயணைப்பு நிலையத்தின் அலுவலர். வயது நாற்பத்தேழு. குள்ளம். நடந்து வரும்போது யாரோ பந்தை உருட்டிவிட்டதுபோல் இருக்கும். எதைச் சொல்ல வந்தாலும் “சட்டுனு” என்றுதான் ஆரம்பிப்பார். “சட்டுனு உட்காருங்க, பொறுமையா சாப்பிடுங்க.” “சட்டுனு தூங்கி எழுந்திருங்க.” அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குச் சட்டுனு மேடம் என்று பெயர். முன்னால் வெறும் மேடம். தனக்கு இப்படியொரு பெயர் இருப்பது அவருக்கும் தெரியும். தெரியாதது மாதிரி நடந்துகொள்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அவருக்கு விக்கல் வரும். தண்ணீர், மூச்சுப் பிடிப்பு, பயமுறுத்தல் எதற்கும் அது கேட்பதில்லை. நிலையத்து மணி அடித்தால் நின்றுவிடும். அமைதியான நாட்களில் அவர் அலுவலக அறையிலிருந்து நிமிடத்துக்கு ஆறு விக்கல் வீதம் வந்துகொண்டிருக்கும். வெளியே உள்ளவர்கள் அதைக் கேட்டு, ஊரில் எங்கும் தீ இல்லை என்று நிம்மதியாகத் துணி துவைப்பார்கள்.

அவர் கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். இருவரும் சந்தித்தது ஒரு லிஃப்டில். அவர் உள்ளே, இவர் வெளியே. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோய், தீயணைப்புக்குத் தகவல் வந்து, இவர் கடப்பாரையோடு கதவைப் பிளந்து பார்த்தால், உள்ளே ஒருவர் தரையில் சம்மணம் போட்டு, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, மடியில் கைக்குட்டை விரித்து, அதில் ஒரு கடிகாரத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்திருந்தார். லிஃப்ட் நின்று நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. “வந்துடுச்சா?” என்று கேட்டாராம்.

“கதவு ஒரு சாண் திறக்கும்போதே முடிவு பண்ணிட்டேன்” என்றார் மேடம். “கத்தலை, கதவைத் தட்டலை, கையைக் காலை ஆட்டிக் காத்தை வீணாக்கலை. இப்படி ஒரு ஆளு வீட்டுல இருந்தா நல்லதுன்னு தோணிச்சு. அங்கேயே கேட்டுட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“யோசிச்சு சொல்றேன்னாரு. பதினோரு மாசம் யோசிச்சாரு.”

அவருடைய நாத்தனாரைத் தனியாகச் சந்தித்தபோது வேறொரு தகவல் கிடைத்தது. “தீயிலதான் இவ கெட்டிக்காரி தம்பி. வீட்டுக்குத் திரைச்சீலை எடுக்கப் போனோம். நான் செருப்பைக் கழட்டிட்டு உள்ள நுழையறதுக்குள்ள எட்டு ஜன்னலுக்கும் எடுத்துட்டா. கத்திரிப்பூ நிறம். ஹாலுக்குள்ள போனா எல்லார் மூஞ்சியும் ஜுரம் வந்த மாதிரி இருக்கும். மாத்துடின்னா மாட்டேங்குறா.”

மேடத்திடம் விசாரித்தேன். “திரை தப்புதான்” என்று ஒப்புக்கொண்டார். “ஆனா அதனால யாரும் சாகப்போறதில்லை. சாகப்போறதில்லைன்னா நான் ரெண்டாவது தடவை யோசிக்க மாட்டேன்.”

தீயில் அப்படியில்லை. அங்கே நிமிடத்துக்கொரு தரம் யோசிப்பார், தயங்காமல் மாற்றுவார். “மாத்துறேன்” என்று உரக்கச் சொல்லிவிட்டு மாற்றுவது வழக்கம். முன்பு ஒரு மேலதிகாரி, இப்படி வாய்விட்டுச் சொன்னால் கீழே உள்ளவர்களுக்கு உங்கள்மேல் மரியாதை போய்விடும் என்றாராம். “மரியாதை போனா வாங்கிக்கலாம் சார். நான் மாத்தினது தெரியாம ஒருத்தன் பழைய சொல்லை நம்பி உள்ள நின்னுட்டா, அவனை எங்க போய் வாங்குறது?” என்று கேட்டிருக்கிறார்.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, பத்து நாற்பதுக்கு விக்கல் நின்றது. மணி அடித்தது.

வண்டியில் அவரையும் ஓட்டுநரையும் சேர்த்து எட்டுப் பேர். நான் ஒன்பதாவது மூட்டை. எங்கே நிற்கச் சொல்கிறாரோ அங்கேயே நிற்பேன், வாய் திறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறியிருந்தேன். முன்னிருக்கையில் மேடம் ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டு வந்தார். வேலைக்குப் போகும்போதெல்லாம் முனகுவாராம். இன்ன மெட்டென்று இருபது வருடமாக யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“சலவைக்கடை” என்றார், பின்னால் திரும்பாமலே. “மூணு மாடிக் கட்டிடம். செவ்வாய்க்கிழமை பத்தே முக்கால். யார் இருப்பாங்க, சட்டுனு சொல்லுங்க.”

“கடைக்காரங்க” என்றார் சிவிங்கி. ஆறேகால் அடி உயரத்துக்கு அந்தப் பெயர்.

“மேல சலூன் இருக்கு மேடம்” என்றார் புதுமாப்பிள்ளை. அவருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. “என் வீட்டுக்காரி அங்கதான் முடி வெட்டிக்குவா.”

“சரி. வேற?”

வேறு யாருக்கும் தெரியவில்லை. “எனக்கும் தெரியலை” என்றுவிட்டு, மறுபடியும் முனக ஆரம்பித்தார்.

சலவைக்கடையின் கண்ணாடி முகப்பு உள்ளுக்குள் செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. துணி உலர்த்தும் இயந்திரங்களில் ஒன்று பற்றிக்கொண்டு, அடுக்கி வைத்திருந்த போர்வைகளுக்குத் தீயைக் கொடுத்திருந்தது. கடைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். தெரு முழுக்கக் கூட்டம். கூட்டத்தின் கண் கடைமேல் இல்லை, இரண்டாவது மாடி பால்கனிமேல் இருந்தது. அங்கே ஏழெட்டுப் பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். மூன்று பெண்களின் முகத்தில் பச்சைப் பசை. ஒரு பெண்ணின் தலை முழுக்க வெள்ளிக் காகிதம். நடுவில், கழுத்தில் துண்டு கட்டிய ஒரு மனிதர். வலது கன்னம் மழமழவென்று மழித்திருந்தது. இடது கன்னத்தில் நுரையோடு தாடி அப்படியே இருந்தது.

“ஏணியைப் போடுங்க” என்று அவர் அதட்டினார். “எவ்வளவு நேரம் நிக்கிறது? நான் யாருன்னு தெரியுமா?”

மேடம் நிமிர்ந்து பார்த்தார். “பாதி தெரியுது சார். அங்கேயே நில்லுங்க. உங்களுக்குப் பின்னாடி இருக்கிற கதவை மட்டும் சாத்திடுங்க. நீங்க நல்ல இடத்துல நிக்கிறீங்க.”

காற்று தெருவிலிருந்து கட்டிடத்தின் பின்பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. பால்கனியில் புகை துளியும் இல்லை. எனக்கு அது அப்புறம்தான் உறைத்தது. மேடம் அதற்குள் பால்கனியை விட்டுவிட்டு, கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு உருள ஆரம்பித்திருந்தார். எங்கே போனாலும் முதலில் ஒரு சுற்று. கத்துகிறவர்களை யாரும் பார்த்துவிடுவார்கள், கத்தாதவர்களைத் தேடுவதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்பது அவர் கட்சி. நான் நிற்க வேண்டிய இடம் பக்கவாட்டுச் சந்தின் முனை. அங்கிருந்து எனக்குப் பின்பக்கமும் கொஞ்சம் தெரிந்தது.

இதற்குள் சிவிங்கியும் மற்றவர்களும் முன்புறம் நீர்க்குழாயை விரித்து, வாயைத் தீக்கு நேராகப் பிடித்துவிட்டார்கள். ஓட்டுநரின் கை தண்ணீர் திறக்கும் பிடியில் இருந்தது.

வாக்கி டாக்கியில் மேடத்தின் குரல் வந்தது. “தண்ணி அடிக்காதீங்க. முன்னாடி ஒரு சொட்டு அடிக்கக்கூடாது. குழாயைச் சட்டுனு பின்னாடி கொண்டு வாங்க.”

பின்புறத்தில் அவர் பார்த்தது இதுதான். சலவைக்கடையின் பின்கதவு மூடியிருந்தது. அதன் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு அடி தள்ளி, கீழே இறங்கும் ஒரு படிக்கட்டு. படிக்கட்டின் தலைவாசலில் செருப்புகள். ஒழுங்காக, இரண்டு வரிசையில், ஜோடி ஜோடியாக. பெரும்பாலும் வயதானவர்கள் போடுகிற, பின்னால் பட்டை வைத்த செருப்புகள். அவர் நின்று எண்ணினார். பதினேழு ஜோடி.

முன்புறமாகத் தண்ணீரை அடித்தால் கொதிக்கும் புகை பின்கதவை உடைத்துக்கொண்டு ஓடும். பின்கதவுக்குப் பக்கத்தில்தான் படி. படிக்குக் கீழே பதினேழு பேர்.

இதெல்லாம் கூட்டத்துக்குத் தெரியாது. தீ எரிகிறது, வண்டி நிற்கிறது, தண்ணீர் வரவில்லை. போதாததற்கு முன்னால் இருந்த குழாயையும் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் ஓடுகிறார்கள். கூட்டம் கொதித்துவிட்டது. ஒருவர் ஓட்டுநரின் முகத்துக்கு நேரே கையை நீட்டி, “வண்டியை என்ன அழகு காட்டவா கொண்டு வந்தீங்க?” என்றார்.

“ஆமாங்க, நேத்துதான் கழுவினோம்” என்றார் ஓட்டுநர், கண்ணைப் பிடியிலிருந்து எடுக்காமல்.

குழாயோடு இரண்டு பேர் பின்கதவுக்கு எதிரே நின்று அதை நனைக்க ஆரம்பித்தார்கள். சிவிங்கியும் புதுமாப்பிள்ளையும் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார்கள். அரை நிமிடம் கழித்துச் சிவிங்கியின் குரல்.

“மேடம், கீழ சிரிக்கிறாங்க.”

“என்னது?”

“சிரிக்கிறாங்க மேடம். நிறைய பேரு. சத்தமா.”

அந்த மூன்று நாளில் மேடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு நொடிதான். 

கீழே நடந்தது ஒரு சிரிப்புப் பயிற்சி வகுப்பு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் செவ்வாயும் வெள்ளியும் கூடி, நுரையீரலுக்கு நல்லது என்று ஒரு மணி நேரம் சிரிப்பார்கள். ஒலிபெருக்கியில் தாளம் வேறு. கட்டிடத்தின் எச்சரிக்கை மணி கால் மணி நேரமாக அடித்துக்கொண்டிருந்தது அந்த ஆரவாரத்தில் யார் காதிலும் விழவில்லை. சிவிங்கி முகமூடியும் முதுகில் காற்று உருளையுமாக வாசலை அடைத்துக்கொண்டு நின்றபோது, பயிற்சி நடத்தும் சிரிப்பு வாத்தியார் முகம் மலர்ந்து, “புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. அவருக்காக எல்லாரும் ஒரு யானைச் சிரிப்பு” என்று கையைத் தூக்கியிருக்கிறார். எல்லோரும் தும்பிக்கை மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சிரித்திருக்கிறார்கள். “தீ, தீ” என்று சிவிங்கி முகமூடிக்குள்ளிருந்து கத்தியது அவர்களுக்கு “ஹீ, ஹீ” என்று கேட்டிருக்கிறது. அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்களாம். புதுமாப்பிள்ளைதான் போய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினார். மணிச் சத்தம் அப்போதுதான் கேட்டது.

இரண்டு இரண்டு பேராகப் படியேற்றிக் கொண்டுவருவது திட்டம். முதல் இருவர் படியில் காலை வைத்திருப்பார்கள். மேலே, எங்கள் கண்ணெதிரே, பின்கதவின் மேல்பலகை பட்டென்று வெடித்தது. கரும்புகை வெளியே வந்து, மேலே போவதற்குப் பதிலாக, படிக்கட்டின் கூரையில் தட்டி மடங்கிக் கீழே இறங்கியது.

“மாத்துறேன்” என்றார் மேடம். “படி வேணாம். எல்லாரையும் உள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்துங்க. தரைவிரிப்பை எடுத்துக் கதவிடுக்குல அடைங்க. நான் வேற வழி தர்றேன்.”

வேறு வழி எங்கே இருக்கிறது என்று எனக்குப் பதறியது. அவர் ஓடிவந்து நின்றது என் காலடியில்தான். அந்தச் சந்தில் கட்டிடத்தின் பக்கச் சுவரை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய விளம்பரப் பலகை சாய்த்து வைத்திருந்தது. நான் பத்து நிமிடமாக அதில் சாய்ந்துகொண்டு நின்றேன். சுற்றி வரும்போதே அவர் பார்த்துவைத்தது பலகையை அல்ல, தரையை. இரண்டு பழைய சக்கரத் தடங்கள் நேராகப் போய்ப் பலகைக்கு அடியில் மறைந்தன. சுவருக்குள் எந்த வண்டியும் போகாது.

“சட்டுனு நகருங்க” என்றார் என்னிடம். மிச்சமிருந்த இரண்டு பேரும் பலகையைத் தள்ளினார்கள். பின்னால், கீழ்நோக்கிச் சரியும் ஒரு பாதை, அதன் முடிவில் துருப்பிடித்த இரும்பு ஷட்டர். ஒரு காலத்தில் வண்டி நிறுத்துமிடமாக இருந்திருக்க வேண்டும். பூட்டை வெட்டினார்கள். ஷட்டர் அசையவில்லை. கடப்பாரையைக் கீழே கொடுத்து இருவரும் தொங்கினார்கள். மேடம் மூன்றாவதாக அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். உடல்வாகு கைகொடுத்தது என்று பிற்பாடு அவரே சொன்னார். ஷட்டர் ஓலமிட்டுக்கொண்டு இடுப்பளவு உயர்ந்தது.

குனிந்து குனிந்து வெளியே வந்தார்கள். வெறுங்கால், தொளதொளச் சட்டை, சிலர் இருமிக்கொண்டு. சிரிப்பின் வேகம் அடங்காததால் சிலர் இருமலுக்கு நடுவே இன்னும் சிரித்துக்கொண்டு. அவர்கள் ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத் தொட்டு எண்ணினார் மேடம். கடைசியாகச் சிவிங்கியும் புதுமாப்பிள்ளையும் வந்தார்கள்.

“பதினாறு” என்றார் மேடம்.

“எல்லாரும் வந்தாச்சு மேடம்” என்றார் சிரிப்பு வாத்தியார். “என்னைச் சேர்த்து எப்பவும் பதினாறு பேருதான்.”

“வாசல்ல பதினேழு ஜோடி செருப்பு இருக்கு.”

வாத்தியார் விழித்தார். கூட்டத்திலிருந்து ஒரு தாத்தா தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். “நான் சில நாள் ரெண்டு ஜோடி கொண்டு வருவேன். நடந்து வர ஒண்ணு, போட்டுக்கிட்டுப் போக ஒண்ணு.”

“இன்னிக்குக் கொண்டு வந்தீங்களா?”

அவர் தலையைச் சொறிந்தார். மேலே பார்த்தார், தன் வெறுங்காலைப் பார்த்தார். “ஞாபகம் வரமாட்டேங்குதேம்மா.”

சலவைக்கடையின் முன்கண்ணாடி அப்போது மொத்தமாக உடைந்து தெருவில் கொட்டியது. புகை முதல்முறையாகப் பால்கனியை எட்டிப் பார்த்தது. பாதி மழித்த மனிதரின் கத்தல் நின்றுபோயிருந்தது, அதுதான் பயமாக இருந்தது. முன்னால் தண்ணீர் அடிக்கலாம், அடித்தால் பால்கனிக்கு நல்லது. கீழே யாராவது இருந்தால் அவர்களுக்கு முடிவு. யாரும் இல்லாமலும் இருக்கலாம். ஒரு கிழவரின் ஒரு ஜோடிச் செருப்புக்காக இரண்டு ஆட்களைப் புகைக்குள் திருப்பி அனுப்புவதாகவும் இருக்கலாம்.

மேடம் மூச்சை இழுத்து ஒருமுறை விட்டார்.

“காத்து எவ்வளவு இருக்கு?”

“பாதிக்கு மேல” என்றார் சிவிங்கி.

“உள்ள போங்க. வலது சுவரைக் கை விடாதீங்க. வாத்தியாரே, பாத்ரூம் எங்க?”

“வலது பக்கம் கடைசிங்க.”

“நாலு நிமிஷம். கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் நாலாவது நிமிஷம் நீங்க என் முன்னாடி நிக்கணும்.”

அவர்கள் குனிந்து மறைந்தார்கள். தூரத்தில் இரண்டாவது வண்டியின் சங்கு கேட்டது. அது கண்ணில் படுவதற்கு முன்பே மேடம் வாக்கி டாக்கியில் அவர்களுக்கு வேலை கொடுத்துவிட்டார். “இறங்கும்போதே ஏணியோட இறங்குங்க. முன்பக்கம், ரெண்டாவது மாடி பால்கனி, எட்டுப் பேர். கடைக்கு முன்னாடி ரெண்டு குழாய் விரிச்சு, ஒண்ணை எங்க வண்டியில மாட்டி வைங்க. தண்ணி அடிக்கக்கூடாது, நான் சொல்ற வரைக்கும்.”

பிறகு ஷட்டரின் முன்னால் போய் நின்றுகொண்டார். முனகல் இல்லை. கட்டைவிரல் வாக்கி டாக்கியின் பொத்தானுக்கு மேலே, தொடாமல், நின்றது. ஒரு நிமிடம் போனது. இரண்டு. பதினாறு சிரிப்பாளர்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றார்கள். இரண்டு ஜோடிக்காரர் மட்டும், “கொண்டு வந்தேனா, இல்லையா” என்று தனக்குள் முணுமுணுத்தார்.

கரகரவென்று இரைந்துவிட்டு வாக்கி டாக்கி பேசியது. “மேடம். ஒரு அம்மா. பாத்ரூம்ல இருக்காங்க. கூட்டிட்டு வர்றோம்.”

“எப்படி இருக்காங்க?”

“திட்டுறாங்க மேடம்.”

“என்னன்னு?”

“கதவைத் தட்டிட்டு வரணுமாம்.”

மேடம் கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தார். சிவிங்கியின் முகமூடி, அதன் பின்னால் ஈரத்துண்டு போர்த்திய ஓர் உருவம், அதன் பின்னால் புதுமாப்பிள்ளை என்று மூன்றும் ஷட்டருக்கு அடியில் வெளிப்பட்டன. கடைசிக் கால் வெளியே வந்ததும், “முன்னாடி அடிங்க” என்றார். ஓட்டுநரின் கை அந்த வார்த்தை முடிவதற்குள் பிடியைத் திருப்பியது. இரண்டு குழாய்கள் ஒரே சமயத்தில் கடைக்குள் பாய்ந்தன. ஆறு நிமிடத்தில் செம்மஞ்சள் போய் வெள்ளை ஆவி மட்டும் மிஞ்சியது.

துண்டைப் போர்த்திக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். அன்றுதான் வகுப்பில் அவருக்கு முதல் நாள். “என் மருமகதான் சேர்த்துவிட்டா” என்றார் மேடத்திடம், குற்றம் செய்தவர் மாதிரி. “எப்பப் பார்த்தாலும் உம்முனு இருக்கேனாம். நான் என்ன பண்றது, எனக்குச் சும்மா சிரிக்க வராது. எல்லாரும் ஆ ஊன்னு கையைத் தூக்கறாங்க. வெக்கமா இருந்தது. அதான் வாத்தியார் கண்ணுல படறதுக்கு முன்னாடியே போய், பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்துட்டேன். வகுப்பு முடிஞ்சதும் வந்துடலாம்னு.”

அப்போது இரண்டாவது வண்டியின் ஏணியில் பால்கனிக்காரர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் பச்சை முகங்கள் மூன்று, பசை காய்ந்து விரிசல் விட்டிருந்தது. அப்புறம் வெயிலில் மின்னிக்கொண்டு வெள்ளிக் காகிதத் தலை. கடைசியில் அந்த மனிதர். அவர் ஒரு கையால் ஏணியையும் மறு கையால் தாடி இருந்த கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, மிகுந்த கௌரவத்தோடு இறங்கினார். தரையைத் தொட்டதும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். கையை எடுத்தார்.

துண்டுக்குள்ளிருந்து முதலில் ஒரு செருமல் வந்தது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்புறம் பொத்த முடியவில்லை. நடைபாதையில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, “ஐயோ, என்னால முடியலையே” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பதினாறு பேரும் தொற்றிக்கொண்டார்கள். பச்சை முகக்காரிகள் ஒருவரையொருவர் அப்போதுதான் நேராகப் பார்த்து வெடித்தார்கள். கடைசியில் அந்த மனிதரின் மழித்த கன்னமும் லேசாக விரிந்தது. சிரிப்பு வாத்தியார் மட்டும் சிரிக்காமல், இத்தனை வருடம் கற்றுக்கொடுத்த பாடத்தை யாரோ முதன்முதலாகச் செய்துகாட்டுவதுபோல் வாய் பிளந்து பார்த்தார்.

மேடம் சிரிக்கவில்லை. சிவிங்கியின் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மடல் நுனி சிவந்து கொப்பளித்திருந்தது. “முகமூடிப் பட்டையைக் காதுக்கு மேல விடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று திட்டிக்கொண்டே மருந்தை வைத்தார். வைத்த விரல் மிகவும் மெதுவாக இருந்தது.

நிலையத்துக்குத் திரும்பியதும் வட்டமாக உட்கார்ந்து பேசுவது அங்கே வழக்கம். யார் என்ன தவறினார்கள் என்று பேச வேண்டும், மேடத்தின் தவறிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

“எல்லாரும் வெளிய வந்தப்புறம்தான் பாத்ரூம் எங்கேன்னு கேட்டேன்” என்றார். “நீங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கும்போதே கேட்டிருக்கணும். ரெண்டாவது தடவை உங்களை அனுப்பியிருக்க வேண்டாம். அது என் தப்பு. அப்புறம், அந்தக் கட்டிடத்துல கீழ ஒரு தளம் இருக்கிறதே எனக்குத் தெரியாது. அதுவும் என் தப்பு. நாளைக்குக் காலையில இருந்து தெருத்தெருவா நடக்குறோம்.”

எல்லோரும் போன பிறகு கேட்டேன், அது அந்தத் தாத்தாவின் இரண்டாவது ஜோடியாக இருந்திருந்தால்?

“ரெண்டு பேரும் சும்மா போயிட்டு வந்திருப்பாங்க.”

“வராமல் போயிருந்தால்?”

 மேசையிலிருந்த பேனா மூடியை எடுத்துத் திருகினார். விக்கல் ஒன்று வந்தது. “அந்த மாதிரி கேள்வியெல்லாம் எனக்கும் வருங்க. வேலை நேரத்துல வராம பார்த்துக்குவேன். வீட்டுல படுத்தா வரும். அவரு கடையை மூடிட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்துக்குவாரு. ஒண்ணும் கேட்க மாட்டாரு.”

பத்து நாள் கழித்துச் சிரிப்பு வகுப்பு வேறு இடத்தில் தொடங்கியது. தரைத்தளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய கூடம். நிலையத்தார் அத்தனை பேருக்கும் அழைப்பு. மேடம் தன் கணவரோடு வந்திருந்தார். நாத்தனாரும் வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கூடத்தின் திரைச்சீலைகள் நல்ல நிறம் என்று மூன்றுமுறை சொன்னார். முன்வரிசையில் அந்தப் பாத்ரூம் அம்மாள். வாத்தியார் கையைத் தூக்குவதற்கு முன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது வகுப்பில் அவர்தான் முதல் மாணவியாம், மருமகள் பின்வரிசையிலிருந்து பெருமையோடு சொன்னாள்.

“யானைச் சிரிப்பு” என்றார் வாத்தியார். ஐம்பது கைகள் தும்பிக்கைகளாக உயர்ந்தன. சிவிங்கியின் தும்பிக்கை மின்விசிறியைத் தொட்டுவிடும் போலிருந்தது. கணவர் மட்டும் சிரிக்கலாமா என்று இன்னும் யோசனையில் இருந்தார். மேடம் எல்லோரையும்விட உரக்க, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணில் நீர் தளும்பச் சிரித்தார். அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய இடது கால் மட்டும் மெல்ல வெளியே நீண்டது. பக்கக் கதவை மறித்து யாரோ போட்டுவிட்டுப் போயிருந்த நாற்காலியின் காலில் கொக்கி மாதிரி மாட்டி, சத்தமில்லாமல், வழி முழுதாகத் திறக்கும்வரை அதைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டது.